அப்புத்தளைத் தோட்டங்களில் ஓவியக் காட்சி நடத்த வருவோருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மலையகத்தைப் பற்றி ஓர் ஓவியக் காட்சி வைக்க வேண்டும், அதோடு தோட்டத்து மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அறக்கட்டளைகள் வருகின்றன. 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. முன்னோர் வந்த வழியிலேயே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடந்தார்கள். அதைப் பார்த்துப் பலருக்கும் இந்த மக்கள் மேல் கவனம் திரும்பியது. நல்ல விஷயம்தான். வாருங்கள். எப்படி வரவேண்டும் என்பதை அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களை மனதில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது நான்கு கேள்விகள்தான். படத்தில் இருப்பவர், அந்தப் படம் மாட்டியிருக்கும் இடத்துக்கு நடந்தோ பஸ்ஸிலோ வந்து சேர முடிகிறதா? தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தன் மொழியில் வாசிக்கவோ வாசித்துக் கேட்கவோ முடிகிறதா? பிடிக்காவிட்டால் இறக்கச் சொல்ல முடிகிறதா? படம் விற்றால் அவருக்கோ அவருடைய தோட்டத்துக்கோ ஏதாவது வந்து சேருகிறதா? இந்த நான்குக்கும் ஆம் என்று சொல்ல முடியாத காட்சியைச் சமூக உள்வாங்கல் என்று அழைக்காதீர்கள். காட்சி என்று மட்டும் சொல்லுங்கள். அதில் தவறில்லை.

பெயர்

இலங்கையின் உழைப்பாளர்களைக் கலைக்கண்ணோடு படமெடுத்த முதல் சிலரில் ஜூலியா மார்கரெட் கமரோன் ஒருவர். இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற ஒளிப்படக் கலைஞர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி, வீட்டு வேலையாட்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் கெமராவுக்கு முன் நிறுத்தினார். 1879இல் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களின், விஞ்ஞானிகளின் படங்களில் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவற்றில் ஒன்றுக்கு அவர் வைத்த தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’. யார் அவர்கள்? யாருடைய மகள், யாருடைய அம்மா? இன்று அந்தப் படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த முகங்களுக்குப் பெயர் இல்லை.

அவருக்குப் பின் வந்த ஸ்டூடியோக்காரர்கள் கொழுந்துக்கூடையோடு நிற்கும் பெண்ணைத் தபால் அட்டையாக்கி உலகமெல்லாம் விற்றார்கள். அவளுக்கும் பெயர் இல்லை. இன்றும் அப்புத்தளையிலிருந்து தம்பத்தன்னை வழியாக லிப்டன் சீட் ஏறும் பயணிகளின் போனில் அதே படம்தான் நிறைகிறது. தம்பத்தன்னைத் தொழிற்சாலையை 1890இல் கட்டிய தோமஸ் லிப்டனின் பெயர் மலையுச்சிக்கு இருக்கிறது. அந்த மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் பெயரையாவது உங்கள் காட்சியில் போடுங்கள்.

செய்ய வேண்டியவை:

• படத்தில் இருப்பவரின் பெயர், தோட்டம், டிவிஷன் ஆகியவற்றை அவர் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள். வேலை அட்டையில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருக்கும். எதைப் போட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.
• பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள். ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டும்.
• சம்மதப் பத்திரத்தைத் தமிழில் எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள். படம் எங்கெங்கே போகும் என்பது அதில் இருக்க வேண்டும்: சுவரிலா, புத்தகத்திலா, நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையிலா, இணையத்திலா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம் அல்லது இல்லை சொல்ல இடம் விடுங்கள்.
• கேட்டுவிட்டு ஒரு நாளாவது பொறுங்கள். வீட்டில் பேசிவிட்டுச் சொல்லட்டும்.

செய்யக்கூடாதவை:

• துரைக்கோ, கணக்கப்பிள்ளைக்கோ, சங்கத் தலைவருக்கோ முன்னால் வைத்துச் சம்மதம் வாங்காதீர்கள். அந்த இடத்தில் இல்லை என்று சொல்ல ஒருவராலும் முடியாது. முடியாத இடத்தில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது.
• பிள்ளையின் முகத்தையும் பாடசாலையின் பெயரையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.
• ‘கொழுந்து பறிக்கும் பெண்’, ‘லயத்துச் சிறுவன்’ என்று தலைப்பு வைக்காதீர்கள்.

வரைந்தவரின் பெயரும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு வரைந்தவருக்கே உரியது. தன் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஏழாம் ஆண்டுப் பிள்ளை கிரேயனால் வரைந்த படத்துக்கும் இது பொருந்தும். அறக்கட்டளையின் புத்தாண்டு அட்டையில் அந்தப் படத்தை அச்சிடுவதற்கு முன் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்க வேண்டும்.

இடமும் நேரமும்

அப்புத்தளை ஊருக்கு நடுவில் ரயில் பாதை போகிறது. இரண்டு பக்கமும் பள்ளம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தெற்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து கடைவீதியை மறைத்துவிடும். அழகான இடம்தான். ஓவியத் தாளுக்குக் கெட்ட இடம். ஈரம் ஏறினால் இரண்டு நாளில் தாள் சுருளும், ஜூன், ஜூலைக் காற்றில் சட்டகமே பறக்கும். மழைக்காலத்தில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, காட்சி வைக்கவே வேண்டாம். படத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மக்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு எழுந்து பாடசாலைக்குப் போய்ப் படுக்க வேண்டியிருக்கும். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மண்டபம் அன்றைக்கு அவர்களுக்கு வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய துரை பங்களாக்களிலும் ஹோட்டல்களிலும் வைக்காதீர்கள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும், சுவர் நேராக இருக்கும், நன்கொடையாளர் தங்க அறையும் கிடைக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பின்வாசல் வழியாக மட்டும் உள்ளே போன மக்கள், அழைப்பிதழ் கொடுத்ததும் முன்வாசலில் ஏறி வந்துவிட மாட்டார்கள். வந்தாலும் செருப்பை எங்கே கழற்றுவது என்று தயங்கி நிற்பார்கள். கோவில் மண்டபம், தமிழ் வித்தியாலயத்தின் பிரதான மண்டபம், வாசிகசாலை, பிள்ளை மடுவம் (பிள்ளைகள் காப்பகம்), பிரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) என்று அவர்கள் கால் பழகிய இடத்துக்கு நீங்கள் போங்கள். கொழும்பு விருந்தாளிகள் அங்கே வரட்டும்.

ஊருக்குள் வைப்பதென்றால் ஞாயிறு சந்தையை நினையுங்கள். தோட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களிலிருந்தும் டவுனின் முஸ்லிம் வீடுகளிலிருந்தும் எல்லோரும் வந்து சேரும் இடம் அதுதான். ஜோர்ஜ் கீட் மன்றம் 1993இல் கொழும்பில் தொடங்கிய ‘கலா பொல’ இன்றும் வருடந்தோறும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் ஓரத்தில் நடக்கிறது. பொல என்றால் சந்தை. மண்டபம் கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது, ஓவியர் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று தானே விற்கிறார். ஓர் அறக்கட்டளை கலைக்காக இந்த நாட்டில் செய்த சிறந்த காரியங்களில் ஒன்றாக இதை நான் நினைக்கிறேன். அப்புத்தளைச் சந்தையில் மரக்கறிக் கடைகளுக்கு அருகே பத்துப் படங்கள் தொங்கினால், அவற்றைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை எந்தக் காட்சிக்கூடத்துக்கும் குறையாது.

செய்ய வேண்டியவை:

• வேலை நாளில் திறந்து வைப்பதென்றால் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் திறந்து வைத்திருங்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்குப் போய், அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத்தான் ஒரு தாயால் வர முடியும்.
• சம்பள வாரத்தையும் திருவிழா நாட்களையும் தோட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு தேதி குறியுங்கள். சாதாரண தரப் பரீட்சைக் காலத்தைத் தவிருங்கள்.
• கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் நிகழ்ச்சி நடந்தால் வான் பிடித்துக் கொடுங்கள்.
• தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி எழுத்தில் வாங்குங்கள். 1992க்குப் பிறகு தோட்டங்கள் கம்பனிகளின் பொறுப்பில் இருக்கின்றன; பிரட்டுக்களத்தில் ஒரு பந்தல் போடவும் அவர்களுடைய ஒப்புதல் வேண்டும்.

செய்யக்கூடாதவை:

• அனுமதி கொடுத்ததற்காகத் துரையை மேடையில் உட்கார வைத்து, வரைந்தவர்களைக் கீழே நிற்க வைக்காதீர்கள். குத்துவிளக்கை வரைந்தவர்களில் மூத்தவர் ஏற்றட்டும்.
• மாலை போடவும் தட்டு ஏந்தவும் சேலை கட்டிய பாடசாலைப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தாதீர்கள்.

யார் வரைவது

எழுத்தில் மலையகம் தன் கதையைத் தானே சொல்லி நெடுங்காலமாகிறது. பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து எழுதினார். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. ஓவியத்தில் அந்தக் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. மலையகத்தில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளிலும் தேயிலைக் கறையிலும் தன் மக்களின் வாழ்க்கையை வரைகிறார். அருள்ராஜ் உலகநாதனும் தோட்டத்து வாழ்க்கையைத்தான் தன் கலையின் பொருளாக எடுத்துக்கொண்டவர். கொழும்புக் காட்சிக்கூடங்களில் இவர்களுக்கு இடம் இருக்கிறது. இந்தப் படங்கள் தோட்டத்துக்கு எத்தனை முறை வந்திருக்கின்றன? உங்கள் அறக்கட்டளைக்கு வேலை அங்கே இருக்கிறது.

ஆகவே முதலில் மலையகத்து ஓவியரை அழையுங்கள். பட்டறை நடத்தவும், படங்களைத் தெரிவு செய்யவும், எதை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யவும் அவருக்கு அதிகாரம் கொடுங்கள். கூலியும் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கான பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தாளைக் கொடுத்து ‘உங்கள் தோட்டத்தை வரையுங்கள்’ என்றால், முதல் மணித்தியாலத்தில் வருவதெல்லாம் நாட்காட்டிப் படம்தான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கூடையோடு ஒரு பெண். வெளியில் இருந்து வந்தவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பல அறக்கட்டளைகள் அந்த முதல் மணித்தியாலத்துப் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பொறுத்திருங்கள். இன்னொரு தாள் கொடுங்கள். நாளைக்கும் வாருங்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும் வரிசை, இஸ்தோப்பில் தொங்கும் ஈரத் துணி, அத்தை கட்டாரிலிருந்து அனுப்பிய போன், பதுளை ரயில், லயத்துக் கூரையில் தகரம் பறக்காமல் இருக்க ஏற்றிய கல் என்று மெல்ல மெல்ல அவர்களுடைய கண் தாளில் இறங்கும். அதற்குத்தான் நீங்கள் வந்திருக்க வேண்டும்.

பட்டறையில் செய்யக்கூடாதவை:

• ‘என் துன்பம்’, ‘என் கஷ்டம்’ என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். கஷ்டத்தை வரைந்தால்தான் பரிசு என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.
• முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் கொடுக்காதீர்கள். வர்ணப் பெட்டி எல்லோருக்கும்.
• பட்டறை முடிந்ததும் வர்ணப் பெட்டிகளைத் திருப்பி வாங்காதீர்கள்.
• மூலப் படங்களை எடுத்துப் போகாதீர்கள். படமெடுத்துக்கொண்டு தாளைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

பெரியவர்களோடு வேலை செய்ய ஒரு நல்ல முன்மாதிரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஓவியர் தா. சனாதனன், போரால் வீட்டை இழந்த தமிழரையும் முஸ்லிம்களையும் தங்கள் வீட்டின் அமைப்பை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோட்டுப்படம், அதை வைத்துக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த வரைபடம், பிறகு சனாதனனின் ஓவியம். 2011இல் வந்த, காணிப் பதிவேடான தோம்பின் பெயர் தாங்கிய அவருடைய நூலில் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. கோடு போடத் தெரியாது என்றவரின் கோடுதான் அதில் முதலில் நிற்கிறது. லயத்து அறையைப் பத்துப் பேர் எப்படிப் பங்கிட்டு வாழ்ந்தார்கள் என்பதை இந்த முறையில் கேட்டால் அப்புத்தளையில் ஒரு பெரிய காட்சியே கிடைக்கும். சென்னையில் ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கெமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களையே காட்சிக்கு வைத்திருக்கிறார். அதுவும் இங்கே நடக்கக்கூடியதுதான்.

தப்பும் கூத்தும்

இந்தப் பகுதியில்தான் நல்லெண்ணம் கொண்டவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

காட்சித் திறப்பு விழா என்றதும் ‘தப்பு செட் ஒன்று கூப்பிடுங்கள்’ என்கிறார்கள். தப்புக் கலைஞர்கள் வெயிலில் வாசலில் அடிக்கிறார்கள், விருந்தினர் உள்ளே போகிறார்கள், கதவு மூடப்படுகிறது. அடித்தவர்கள் வெளியே நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். சமூக உள்வாங்கல் என்று உள்ளே உரை நடக்கிறது.

தோட்டத்தில் தப்பு என்ற இந்தத் தோல்கருவிக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. விடியற்காலையில் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியது அது. பிறப்பு, சாவு, திருவிழா எதுவும் அது இல்லாமல் நடக்கவில்லை. ஆனாலும் அதை அடிப்பவர்களைச் சாதியின் பெயரால் தள்ளி நிறுத்தும் வழக்கம் லயத்துக்குள்ளேயே இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அதனால் சில வீட்டுப் பையன்கள் அப்பாவின் தப்பைத் தொட வெட்கப்படுகிறார்கள், வேறு சிலர் மேடையில் தலை நிமிர்ந்து அடிக்கிறார்கள். மலையகத்தார் எல்லோரும் ஒன்று, எல்லோரும் ஏழை, எல்லோரும் ஒடுக்கப்பட்டவர் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். யாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும்போது தோட்டத்துக்கு உள்ளே யார் தள்ளப்பட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். கோவில் மண்டபத்தைத் தெரிவு செய்வதற்கு முன், அதற்குள் எல்லோரும் ஒரே மாதிரி வந்து உட்கார முடிகிறதா என்று விசாரியுங்கள். முடியாவிட்டால் பாடசாலைக்குப் போங்கள்.

தப்புக் கலைஞர்களை அழைத்தால், நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே அளவில் பணம், அதே கதிரை, அதே சாப்பாடு. தப்பு எப்படிச் செய்கிறார்கள், தோலை எப்படி நெருப்பில் காய்ச்சிச் சுதி ஏற்றுகிறார்கள் என்பதை அவர்களே விளக்கும் ஒரு அமர்வு வையுங்கள். ஓவியத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அந்த விளக்கத்துக்கும் கொடுங்கள்.

காமன் கூத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசியில் காமன் ஊன்றி, நாள் நாளாகப் பாடி, பௌர்ணமியையொட்டி விடிய விடிய ஆடி, காமனை எரித்து முடிப்பார்கள். ரதி, மன்மதன், சிவன், எமன், வீரபுத்திரன் எல்லோரும் காமன் பொட்டலில் இறங்குவார்கள். பலருக்கு இது நேர்த்திக்கடன். வேஷம் கட்டுபவர் விரதம் இருப்பார். அதைப் பதினைந்து நிமிடத்துக்குச் சுருக்கி, சித்திரை மாதத்தில், ஹோட்டல் புல்வெளியில் ஆடிக் காட்டச் சொல்லாதீர்கள். அருச்சுனன் தபசுக்கும் பொன்னர் சங்கருக்கும் இதே பேச்சுத்தான். கூத்தைக் காட்ட வேண்டும் என்றால் மாசியில் வந்து பொட்டலில் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் விருந்தினரையும் அங்கே அழைத்து வாருங்கள். காட்சிக்கூடத்துக்கு உடையையும் முகப்பூச்சுக் குறிப்பையும் பாட்டுக் கொப்பியின் பிரதியையும் கூத்து வாத்தியாரின் குரல் பதிவையும் கேட்டு வாங்கலாம். பாட்டுக் கொப்பியைக் கொண்டு போனால் திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கள். ஒரு தோட்டத்தில் அந்த ஒரு கொப்பிதான் இருக்கும்.

ஒப்பாரியைக் கேட்டு வாங்காதீர்கள். வயதான அம்மாவிடம் ‘ஒரு ஒப்பாரி பாடிக் காட்டுங்கள்’ என்று மைக்கை நீட்டுவதைச் செய்யவே கூடாது. தாலாட்டைக் கேளுங்கள், கும்மியைக் கேளுங்கள். அவர்களாக விரும்பிப் பாடினால் வேறு விஷயம்.

துயரம் நடந்த இடத்தில்

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. உறவினர்களின் உடலைக் கூடக் காணாதவர்கள் இன்னும் அதே பக்கத்தில் வேலை செய்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மலை சரிந்தது. இந்த இரண்டும் காட்சிக்கு வரக்கூடாது என்று சொல்ல மாட்டேன். வரவேண்டும், அரசாங்கமும் கம்பனிகளும் பாதுகாப்பான வீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்ல ஒரு சுவர் வேண்டும்.

ஆனால் இறந்தவரின் குடும்பத்தார் பார்த்து ஒப்புக்கொள்ளாத ஒரு படத்தையும் மாட்டாதீர்கள். உடல்களின் படம் வேண்டவே வேண்டாம். திறப்பு விழாவுக்கு முதல் நாள், வெளியாட்கள் யாரும் இல்லாமல், அந்தக் குடும்பங்கள் மட்டும் வந்து பார்க்க ஒரு மாலையை ஒதுக்குங்கள். அன்றைக்கு ஒருவர் ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் ‘புயலை வரையுங்கள்’ என்று சொல்லாதீர்கள். தானாக ஒரு பிள்ளை வரைந்தால் பக்கத்தில் உட்காருங்கள். தோட்டத்துப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும்.

உடல் ஒத்துழைக்காதவர்கள்

லயம் மலைச்சரிவில் இருக்கிறது. படி, படி, மீண்டும் படி. கால் நடக்க முடியாத ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளேயே பதினைந்து வருடம் இருந்துவிடுவது இங்கே நடக்கிறது. முப்பது வருடம் மலை ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்து போன பெண்களுக்கும் அதே நிலைதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கிறது, படி இன்னும் அப்படியே இருக்கிறது.

இதில் முன்னோடியாக சுனேரா மன்றத்தைச் சொல்வேன். 2000ஆம் ஆண்டிலிருந்து நாட்டின் பல மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகளோடு நாடகமும் நடனமும் செய்து வருகிறார்கள். ஒரு நாள் விழாவாக இல்லாமல் தொடர்ந்து பட்டறை நடத்துகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மேடையில் ஏறும் நேரத்தில் அந்த மாற்றுத்திறனாளிகள் பழகிய கலைஞர்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை சின்னச் சின்னக் காரியங்கள்:

• வர முடியாதவரைக் கூட்டி வர வாகனமும், லயத்திலிருந்து ரோட்டுக்குத் தூக்கி வரப் பழகிய இரண்டு இளைஞர்களும்.
• உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் படங்கள். ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் ஒரு கதிரை.
• பார்வை இல்லாதவர் தொட்டுப் பார்க்கக் கூடை, படங்கு, கவ்வாத்துக் கத்தி (முனை மழுக்கியது), தேயிலைத் தூளின் வெவ்வேறு தரங்கள். வாசனையும் காட்சியில் சேரும்.
• காது கேட்காதவருக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவர்; கிடைக்காவிட்டால் வீட்டில் அவரோடு பேசிப் பழகிய அக்காவுக்கோ தம்பிக்கோ அன்றைய நாள் சம்பளம் கொடுத்து உடன் வரச் செய்யுங்கள்.
• வரவே முடியாதவரின் வீட்டுக்கு நான்கு படங்களைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சக்கர நாற்காலி கொடுக்கும் நிகழ்ச்சியை ஓவியக் காட்சியோடு சேர்த்து வைத்துப் படமெடுக்காதீர்கள். அதைத் தனியாக, சத்தமில்லாமல் கொடுங்கள்.

மொழி

அப்புத்தளையில் அரச அலுவல்கள் சிங்களத்திலும் தமிழிலும் நடக்க வேண்டும். காட்சியும் அப்படியே இருக்கட்டும், ஆங்கிலம் மூன்றாவதாக வரட்டும். கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் எல்லாவற்றையும் மும்மொழியில் எழுதுகிறது. அங்கே முடிந்தால் இங்கேயும் முடியும். தமிழ்க் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காதீர்கள். ஊரில் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேரை வழிகாட்டியாக நிறுத்துங்கள், அவர்களுக்கும் சம்பளம் கொடுங்கள்.

சிங்கள அயலாரையும் எழுதி அழையுங்கள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் மலைநாட்டுக் கிராமங்கள் இழந்த காட்டில்தான் பல தோட்டங்கள் எழுந்தன. அந்தக் கிராமத்து மூதாட்டியின் கதையும் இந்தச் சுவரில் இடம் கேட்கிறது.

பணம்

2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயமானது. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். ஒரு பெண் உங்கள் பட்டறைக்கு வரும் நாளில் அந்தப் பேர் போகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் ‘பங்கேற்பு’ என்று எழுதக்கூடாது. பேர் போன நாளுக்கு முழுப் பணம், அன்றைக்கே, கையில். ஞாயிற்றுக்கிழமை வைத்தாலும் கொடுங்கள். அன்றைக்குக் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருப்பார்.

படம் விற்றால் முழுத் தொகையும் வரைந்தவருக்கு. காட்சிக்கூடங்கள் எடுக்கும் பங்கை அறக்கட்டளை எடுக்கக்கூடாது. உங்களுக்கு நன்கொடை வருவதே அதற்காகத்தான். விலையை வரைந்தவர் சொல்லட்டும். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால், இதே மாதிரிப் படம் கொழும்பில் என்ன விலை போகிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். சீட்டு எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் படம் விற்றால் பணத்தை அம்மாவிடம் கொடுங்கள்.

தேயிலைக் கம்பனியின் அனுசரணையை ஏற்பதா? எனக்கு முற்றாக மறுப்பு இல்லை. ஆனால் எந்தப் படம் இருக்க வேண்டும், எது இருக்கக்கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே காசோலையை வாங்குங்கள்.

காட்சி முடிந்த பிறகு

கம்பளைக்கு மேலே பீகொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளையே அருங்காட்சியகமாக்கி, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் திறந்து வைத்தது. தொழிலாளர்களின் கருவிகள், பாத்திரங்கள், பத்திரங்கள் அங்கே இருக்கின்றன. அப்புத்தளைப் பக்கத்திலிருந்து நீங்கள் சேர்க்கும் ஒளிப்படங்களின், குரல் பதிவுகளின் ஒரு பிரதி அங்கே போகட்டும். இன்னொரு பிரதி அப்புத்தளையில், பிள்ளைகள் போய்க் கேட்கக்கூடிய ஒரு பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். கொழும்பு அலுவலகத்தின் கணினியில் மட்டும் இருந்தால், திட்டம் முடிந்து ஆட்கள் மாறியதும் தொலைந்துபோகும்.

கடன் வாங்கிய கல்யாணப் படம், பழைய பிறப்புச் சான்று, தாத்தாவின் சேவைக்காலப் புத்தகம் எல்லாவற்றையும் வாங்கிய அன்றே பட்டியல் எழுதி, அதே பட்டியலோடு வீடு தேடிப் போய்த் திருப்பிக் கொடுங்கள். பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த தலைமுறைக்கு ஒரு காகிதத்தின் அருமை தெரியும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்ததை 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முழுமையாகத் திருப்பித் தந்தது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு தாளையும் தகரப் பெட்டியில் வைத்துக் காத்தவர்கள் அவர்கள். தபாலில் அனுப்பாதீர்கள்.

விளக்கு, சட்டகம், கம்பி, திரை எல்லாவற்றையும் வாசிகசாலையிலோ பாடசாலையிலோ விட்டுவிட்டுப் போங்கள். படம் மாட்டவும் இறக்கவும் பழகிய இரண்டு இளைஞர்களின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த காட்சியை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். கணக்கைத் தமிழில் எழுதி, எத்தனை ரூபாய் வந்தது, சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஹோட்டலுக்கு எவ்வளவு, கலைஞர்களுக்கு எவ்வளவு என்று ஒரு ஞாயிறு மாலையில் எல்லோருக்கும் முன் வாசியுங்கள். கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். அதே கூட்டத்தில் அடுத்த வருடக் காட்சியின் தேதியைத் தோட்டத்தார் குறிக்கட்டும்.